சாதா இன்ஜினா, டர்போவா? 46 அடி மரப்படகுக்கு எது தாங்கும்

மண்டபம்_மரம்46
மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல முடியுது. கைல அஞ்சு வாரம் இருக்கு, அதுக்குள்ள முடிவு எடுக்கணும். விவரம்: 46 அடி மரப்படகு, நீர்மட்டத்துல 41 அடி. இப்ப உள்ளது 6 சிலிண்டர், 6 லிட்டர், டர்போ இல்லாத லாரி இன்ஜின். ரேட்டிங் 2,000 ஆர்பிஎம். ரிவர்ஸ் கியர் 3-க்கு 1, விசிறி (புரொப்பல்லர்) 34-க்கு 24, அதாவது விட்டம் 34 அங்குலம், பிட்ச் (ஒரு சுத்துல முன்னேறுற தூரம்) 24 அங்குலம். லைனர் (சிலிண்டரோட உள் உறை) தேஞ்சு போச்சு, பிரீதர்ல (இன்ஜின் உள்காத்து வெளிய வர்ற குழாய்) புகை அடிக்குது, ஆயில் குடிக்குது. தொழில் வடகடல்ல (பாக் விரிகுடா) இழுவலை.

மூணு வழி சொல்றாங்க. (அ) லைனர் கிட் மாத்தி இதையே ஓட்டுறது. (ஆ) இதே இன்ஜின்ல டர்போ, அதான் புகையோட வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிற சாமான், ஏத்துறது. மானிஃபோல்டு, டர்போ ரெண்டும் சேத்துத் தர்றேன்னு கடையில சொல்றாங்க. (இ) அதே குடும்பத்து டர்போ இன்ஜினை செகண்ட் ஹேண்ட்ல எடுக்கிறது. வேகம் எனக்குப் பெரிசு இல்ல. கடல்ல நிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தொண்டி_டீசல்
அண்ணே, (ஆ)வை முதல்ல அடிச்சிடுங்க. டர்போவை மாட்டிட்டா டர்போ இன்ஜின் ஆகிடாது. கம்பெனி டர்போவாவே செஞ்சு வர்ற இன்ஜின்ல உள்ள என்னென்ன வேறன்னு பாருங்க:

பிஸ்டன் வேற. சாதா இன்ஜின்ல கம்ப்ரஷன் 17, 18-க்கு 1 இருக்கும்; டர்போவுல பெரும்பாலும் 16 பக்கம் இறக்கியிருப்பான். பிஸ்டனுக்கு அடியில இருந்து ஆயில் பீச்சுற ஜெட் இருக்கும், அதுதான் பிஸ்டன் தலையைக் குளிர வைக்குது. அந்த ஆயிலுக்காக ஆயில் பம்ப் பெரிசு, ஆயில் கூலர் பெரிசு. எக்ஸாஸ்ட் வால்வு, சீட்டு ரெண்டும் சூடு தாங்குற உலோகம். டீசல் பம்புல பூஸ்ட் (டர்போ திணிக்கிற காத்தோட அழுத்தம்) ஏறுற வரைக்கும் டீசலைக் கட்டுப்படுத்துற டயஃப்ரம் இருக்கும். ஹெட் கேஸ்கட்டும் வேற.

இதுல ஒண்ணும் மாத்தாம மேல டர்போவை வச்சு பம்புல டீசலை ஏத்தினா, முதல்ல போறது பிஸ்டன் தலையோட விளிம்பு. உருகி, முதல் ரிங் இருக்கிற இடம் உடையும். டீசல் ஏத்தாம விட்டா? அப்ப சக்தியும் பெரிசா கூடாது, புகைதான் கொஞ்சம் குறையும். அதுக்கு எதுக்கு அந்தச் செலவு.

கச்சான்_காத்து
டர்போன்னாலே பயம் காட்டுறது நம்ம பக்கத்துப் பழக்கம். கணக்கைப் பாருங்க. 90 ஹெச்பி எடுக்கிறோம்னா 67 கிலோவாட். சாதா இன்ஜின் ஒரு யூனிட்டுக்கு 235 கிராம் டீசல் எரிச்சா மணிக்கு 15.7 கிலோ, 19 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. டர்போ 220 கிராம்னு வச்சா 17.6 லிட்டர். மணிக்கு 1.2 லிட்டர் மிச்சம். 12 மணி நேரம் இழுத்தா 14 லிட்டர். வருஷம் பூரா போட்டுப் பாருங்க. லாரியெல்லாம் டர்போவுக்கு மாறி எத்தனை வருஷமாச்சு, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடலையா?

கீழக்கரை_லேத்
கணக்கு சரி பாய். ஆனா லாரியோட ஒப்பிடுறதுதான் தப்பு. லாரி மேட்டுல ஏறும்போது ரெண்டு நிமிஷம் முழு சுமை, இறக்கத்துல ஓய்வு. இழுவலையில மடியை (வலைப் பை) கடல்ல விட்டா நாலு மணி நேரம் அதே சுமை, இறக்கமே கிடையாது. அதனாலதான் ஒரே இன்ஜினுக்குக் கம்பெனிக்காரன் மூணு நாலு ரேட்டிங் போடுறான். உல்லாசப் படகுக்கு ஒண்ணு, தொடர்ந்து ஓடுற வேலைக்கு ஒண்ணு. செகண்ட் ஹேண்ட் லாரி இன்ஜின் பிளேட்ல இருக்கிற ஹெச்பி லாரிக்கானது. அதை அப்படியே கடலுக்கு எடுத்துட்டு வந்தா ஏமாந்து போவீங்க.

எவ்வளவு எடுக்கலாம்னு ஒரு கணக்கு. 6 லிட்டர் சாதா இன்ஜின், 2,000 ஆர்பிஎம்-ல 95 ஹெச்பி கொடுத்தா பிஸ்டன் மேல சராசரி அழுத்தம் 7 பார் வருது. டர்போ இல்லாத டீசலுக்கு அதுதான் ஏறக்குறைய உச்சி. அதுக்கு மேல எவ்வளவு டீசல் கொடுத்தாலும் காத்து இல்ல, கறுப்புப் புகையாத்தான் வெளிய போகும். அதாவது சாதா இன்ஜினுக்குக் காத்தே ஒரு பூட்டு. டிரைவர் எவ்வளவு மிதிச்சாலும் அந்தப் பூட்டைத் தாண்ட முடியாது.

அதே 6 லிட்டர் டர்போவுல 140 ஹெச்பி எடுத்தா 10.4 பார். இன்ஜின் தாங்கும், அதுக்குன்னே செஞ்சது. ஆனா பூட்டு போயிடுச்சு. இன்னும் டீசல் கொடுத்தா இன்னும் வாங்கிக்கும், சூடு ஏறிக்கிட்டே போகும், பெரிசா புகை கூட வராது. கேக்காம சாகும்.

என் கணக்கு இதுதான்: டர்போ எடுத்தா லிட்டருக்கு 20 ஹெச்பி பக்கமே வச்சு ஓட்டுங்க, ரொம்பப் போனா 22. 6 லிட்டருக்கு 120லேருந்து 130. அப்படி ஓட்டினா சாதா இன்ஜினை விட டர்போ அதிக நாள் நிக்கும். அதையே 160-க்கு முறுக்கினா அடுத்த தடைக்காலம் வரைக்கும் வராது.

பாம்பன்_பார்வை
முதல்ல 130 எதுக்குன்னு கேளுங்கப்பா. நீர்மட்டத்துல 41 அடி. அதோட வர்க்கமூலம் 6.4, அதை 1.34-ஆல பெருக்கினா 8.6 நாட். மரப்படகு அதுக்கு மேல போகாது. போக வச்சா பின்பக்கம் தாழ்ந்து அலையைத்தான் தள்ளும். இந்தப் படகுக்கு வேகத்துக்காக ஹெச்பி தேவையே இல்ல, இழுவைக்கு மட்டும்தான். மடியும், அதை விரிச்சுப் பிடிக்கிற பலகையும் இப்ப உள்ள இன்ஜினுக்கு ஏத்ததுன்னா 95 போதும். பெரிய மடி போடப் போறாரான்னு அவர் சொல்லணும்.

விதிப்படி 240 ஹெச்பிதான் உச்ச வரம்பு, அது வேற கதை. வரம்பு இருக்குன்னு யாரும் அதுவரைக்கும் போகத் தேவையில்ல.

மண்டபம்_மரம்46
மடி அதேதான். பெரிசாக்குற எண்ணம் இல்ல.

தொண்டி_டீசல்
அப்ப எனக்கு இதுல யோசிக்க ஒண்ணுமில்ல, (அ)தான்.

கச்சான்_காத்து
அவசரப்படாதீங்க. இப்ப உள்ள இன்ஜின் ஏன் தேஞ்சதுன்னு ஒருத்தரும் கேக்கலையே. அதே காரணம் இருந்தா புதுக் கிட்டும் அதே மாதிரிதான் போகும்.

அண்ணே, நாலு விஷயம் சொல்லுங்க. பிளாக்குக்குள்ள நேரா கடல் தண்ணியா, இல்ல உள்ள நல்ல தண்ணி சுத்துதா? வெப்பம் எவ்வளவு காட்டுது? மடி இல்லாம முழு ஆக்ஸிலேட்டர்ல எவ்வளவு ஆர்பிஎம் வருது? ஏர் ஃபில்டர் இருக்கா, கழட்டிப் போட்டாச்சா?

மண்டபம்_மரம்46
நேரா கடல் தண்ணி. வெப்பம் 45 பக்கம். முழு ஆக்ஸிலேட்டர்ல மடி இல்லாம 1,780. ஃபில்டர் இல்ல, சத்தத்துக்கு ஒரு சாக்கு கட்டியிருக்கு.

கச்சான்_காத்து
ஆச்சு, விடை இங்கேயே இருக்கு. மூணு குத்தம்.

ஒண்ணு, வெப்பம். கடல் தண்ணி நேரா ஓடுற பிளாக்கை 55 டிகிரிக்கு மேல விட முடியாது, விட்டா உப்பும் சுண்ணாம்பும் உள்ள படியும். அதனால தெர்மோஸ்டாட்டைக் கழட்டி 45-ல ஓட்டுறாங்க. ஆனா டீசல் இன்ஜினுக்கு 80, 85 வேணும். குளிர்ந்த லைனர் சுவத்துல டீசலோட கந்தகம் ஈரத்தோட சேர்ந்து அமிலமாகும், ஆயிலும் கெட்டியாவே நிக்கும். லைனரோட மேல்பாகம்தான் முதல்ல தேயும். உங்க லைனரைக் கழட்டினதும் விரலை விட்டுப் பாருங்க, முதல் ரிங் திரும்புற இடத்துல நகம் தட்டும்.

ரெண்டு, சாக்கு. அது ஃபில்டர் கிடையாது. சத்தம் குறைஞ்சிருக்கும், உப்புக் காத்தும் நாரும் உள்ள போயிருக்கும்.

மூணு, விசிறி. அதை லேத்காரர் சொல்லட்டும்.

கீழக்கரை_லேத்
இந்த இழையில மத்ததை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. ரேட்டிங் 2,000-ன்னா, மடி இல்லாம, அடிப்பாகம் சுத்தமா, டேங்க் நிறைஞ்ச படகு முழு ஆக்ஸிலேட்டர்ல 2,000-ஐத் தொடணும், 40, 50 கூடவே வந்தா நல்லது. 1,780-ல நிக்குதுன்னா விசிறி இன்ஜினைக் கழுத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. கவர்னர் (டீசல் அளவைக் கட்டுப்படுத்துறது) 2,000 வரட்டும்னு முழு டீசலைக் கொடுத்துக்கிட்டே இருக்கு, வேகம் வரல. மடி விட்டதும் இன்னும் இறங்கி 1,500-க்கு வரும், டீசல் அதே முழு அளவு.

சாதா இன்ஜின்னா அந்த நிலையில கறுப்பா புகை தள்ளும், டீசல் வீணாகும், நாசில் கரி பிடிக்கும். ஆனா ஓடும். டர்போ இன்ஜினுக்கு இது சாவு. ஆர்பிஎம் கீழே இருக்கும்போது டர்போவும் மெதுவா சுத்தும், பூஸ்ட் வராது, காத்து பத்தாது, டீசல் மட்டும் நிறைய. எக்ஸாஸ்ட் வெப்பம் எகிறும். நம்ம கடல்ல "டர்போ ராசி இல்ல"ன்னு சொல்ற பாதிக்கு மேல இந்த விசிறிதான் காரணம்னு அடிச்சுச் சொல்வேன். பழைய இன்ஜினைக் கழட்டி டர்போ வைப்பாங்க, விசிறியை இன்னும் பெரிசா போடுவாங்க, பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் வெப்பமானி) மாட்ட மாட்டாங்க.

டர்போவுக்கு முன்னால மானிஃபோல்டுல அந்த வெப்பமானி கட்டாயம். இழுக்கும்போது 550 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதி. 600-ஐத் தாண்டி மணிக்கணக்கா நின்னா ஆர்பிஎம்-ஐக் குறைங்க. 10 சதவீதம் குறைச்சாலே விசிறி கேக்குற சக்தி 27 சதவீதம் குறையும்.

வள்ளம்_ஏர்வாடி
1 அங்குலம் பிட்ச் குறைச்சா 150, 200 ஆர்பிஎம் ஏறும்னு சொல்வாங்களே, அந்தக் கணக்குல 1 அங்குலம் வெட்டினா இவருக்குச் சரியாகிடாதா?

கீழக்கரை_லேத்
தம்பி, அது உங்க வள்ளத்துல மாட்டுற அவுட்போர்டுக்கான கணக்கு. அது 5,000 சொச்சம் ஆர்பிஎம் சுத்துது, சின்ன விசிறி. இங்க பிட்ச் 24, அதுல 1 அங்குலம்னா 4 சதவீதம். ஆர்பிஎம் அதுக்கும் கொஞ்சம் குறைவாத்தான் ஏறும், 60 வச்சுக்கலாம். 220 ஏத்தணும்னா 3, 4 அங்குலம் போகும்.

பாம்பன்_பார்வை
டர்போ எடுக்கிறவங்களுக்காக, இவருக்கு இல்லைன்னாலும் எழுதி வைக்கிறேன். படிக்கிறவங்களுக்கு உதவும்.

இன்ஜின் அறைக் காத்து. 6 லிட்டர் சாதா இன்ஜின் 2,000-ல நிமிஷத்துக்கு 5 கன மீட்டர் இழுக்கும். 1 பார் பூஸ்ட்டுல டர்போ அதைப் போல ஒன்றரை மடங்கு. ஆஃப்டர்கூலர் (டர்போ அழுத்தின காத்தைக் குளிர வைக்கிறது) இருந்தா ரெண்டு மடங்குக்குக் கிட்ட. அறைக்கு வென்ட் அதே பழைய ஓட்டையா இருந்தா டர்போ மூச்சு முட்டும். அறை 10 டிகிரி சூடானா காத்தோட அடர்த்தி 3 சதவீதம் போகும். 45 டிகிரிக் காத்தை 1 பாருக்கு அழுத்தினா வெளிய வரும்போது 140 டிகிரியைத் தாண்டும். 0.6 பார்னா 110. அதனாலதான் 0.6, 0.7-க்கு மேல போற டர்போவுக்குக் கடல் தண்ணி ஆஃப்டர்கூலர் வேணும்னு சொல்றது. ஆனா அந்தக் கூலர்ல குழாய் ஒண்ணு ஓட்டை விழுந்தா உப்புத் தண்ணி நேரா சிலிண்டருக்குள்ள. ஒவ்வொரு தடைக்காலத்துலயும் கழட்டிக் கழுவி, காத்து அடிச்சு சோதிக்கணும், ஜிங்க் மாத்தணும். அந்த ஒழுங்கு இல்லாதவங்க கூலர் இல்லாத, கம்மி பூஸ்ட் டர்போவோட நிறுத்திக்கிறது புத்தி.

ஆயில் திரும்புற குழாய். டர்போவுல இருந்து சம்ப்புக்கு (இன்ஜின் அடியில உள்ள ஆயில் தொட்டி) ஆயில் அழுத்தத்துல வராது, தானா வடியணும். குழாய் உள்விட்டம் 19 மில்லியாவது, முடிஞ்ச வரைக்கும் நேர் கீழ. லாரியில சரியா இருந்த குழாய் படகுல ஏன் தகராறு பண்ணுதுன்னா, படகுல இன்ஜின் சாஃப்ட்டோட சேர்ந்து 10, 12 டிகிரி பின்னால சாஞ்சு உக்காருது. சம்ப் ஆயில் பின்பக்கம் ஏறி, குழாய் வாய் ஆயிலுக்குள்ள மூழ்கிடும். டர்போவுக்குள்ள ஆயில் தேங்கி சீல் வழியா ஒழுகும். டர்போ கெட்டுப் போச்சுன்னு புதுசு போடுவாங்க, அதுவும் ஒழுகும்.

புகைக்குழாய் கனம். மேல போற குழாயோட கனம் டர்போ மேல நிக்கக்கூடாது. நடுவுல பெல்லோஸ் (மடிப்பு மடிப்பா வளையுற குழாய்), குழாயைக் கூரையில தொங்க விடுறது. இல்லைன்னா டர்பைன் ஹவுசிங் விரியும்.

தொண்டி_டீசல்
இதோட ரெண்டு சேத்துக்கிறேன். புது டர்போ மாட்டினதும் செல்ஃப் அடிச்சுடாதீங்க. ஆயில் வர்ற துளையில 100 மில்லி ஆயில் ஊத்தி, சக்கரத்தைக் கையால சுத்தி, டீசலை அடைச்சு வச்சுக் கிராங்க் பண்ணணும். கீழக் குழாய்ல ஆயில் வடியுறதைக் கண்ணால பாத்த பிறகுதான் ஸ்டார்ட். லட்சம் ஆர்பிஎம் பக்கம் சுத்துற பேரிங், ஆயில் இல்லாம சில நொடி போதும்.

கரைக்கு வந்ததும் படக்குன்னு அணைக்கக் கூடாது. 3லேருந்து 5 நிமிஷம் ஐடில். இல்லைன்னா உள்ள நிக்குற ஆயில் வெந்து கரியாகும்.

வள்ளம்_ஏர்வாடி
டர்போ சீல் போய் இன்ஜின் தானா ரேஸ் ஆகுறதுன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

தொண்டி_டீசல்
உண்மை. சீல் போனா இன்ஜின் தன்னோட ஆயிலையே எரிச்சு ஓடும், டீசலை நிறுத்தினாலும் நிக்காது. அலறிக்கிட்டே ஏறும், நீல வெள்ளைப் புகை. ஒரே வழி காத்தை அடைக்கிறது. காத்து வாய் அளவுக்கு வெட்டின ஒரு பலகை, அடியில ரப்பர் ஒட்டி, இன்ஜின் அறை வாசல்லயே தொங்கணும். கையையோ துணியையோ வைக்காதீங்க, இழுத்துக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருந்தா காத்து வாய்ல அடிக்கலாம். அடைக்க முடியலைன்னா எல்லாரும் அறையை விட்டு வெளிய. சாதா இன்ஜினுக்கும் தேஞ்ச நிலையில, பிரீதர் புகை இன்டேக்ல போற மாதிரி இருந்தா இது வரலாம், ஆனா அரிது.

கச்சான்_காத்து
ஒத்துக்கிறேன், இவருக்கு (அ)தான். ஆனா நிபந்தனையோட. லைனர் கிட் போடுற கையோட நேர்க் கடல் தண்ணியை நிறுத்தணும். கடல் தண்ணியால உள் தண்ணியைக் குளிர வைக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர், இல்லைன்னா உள் தண்ணி படகுக்கு அடியில கடலுக்குள்ள போய்ச் சுத்தி வர்ற கீல் குழாய். வடகடல் சேறும் தாழையும் சொறிமுட்டையும் ஸ்ட்ரெய்னரை அடைக்கிற இடம், அதனால என் ஓட்டு கீல் குழாய்க்கு. கடல் தண்ணி பம்பே வேண்டாம், இம்பெல்லர் கிழியுற வேலையும் இல்ல. 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை திரும்பப் போடுங்க.

உள்ள ஊத்துற தண்ணி முக்கியம். ராமநாதபுரம் போர் தண்ணியை ஊத்தினா கடல் தண்ணியை நிறுத்தினதுல அர்த்தமே இல்ல, அதுவே உப்பு. டிஸ்டில்டு வாட்டர், கிடைக்கலைன்னா ஆர்ஓ கேன், பாதிக்குப் பாதி கூலண்ட். லைனர் வெளிப்பக்கம் ஊசி குத்தின மாதிரி குழி விழுறது குறையும்.

மண்டபம்_மரம்46
சரி, (அ)தான், கீல் குழாயும் போடுறேன். பம்ப் இன்லைன் பம்ப்தான், அதை அப்படியே வச்சுக்கலாமா?

தொண்டி_டீசல்
தாராளமா. இன்லைன் பம்புல கேம் பக்கத்துக்கு இன்ஜின் ஆயில்தான் உயவு, கேன் டீசல்ல கொஞ்சம் தண்ணி வந்தாலும் மத்த பம்பை விடச் சமாளிக்கும். ரோட்டரி பம்ப் டீசலையே உயவா வச்சிருக்கு, தண்ணி ஆகாது. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல ரொம்ப உயர் அழுத்தத்துல டீசல் அடிக்கிற முறை) பத்திப் பேசவே வேண்டாம், நம்ம டீசலுக்கு அது ஒரு வாரம். பம்பை டெஸ்ட் பெஞ்சுல ஏத்திப் பாக்கச் சொல்லுங்க, பழைய ஆளு யாராவது டீசலைக் கூட்டி வச்சிருந்தா கம்பெனி அளவுக்கு இறக்கிடுங்க. தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல, நடுவுல வால்வு. ஒண்ணு அடைச்சா ஓடிக்கிட்டே இன்னொண்ணுக்கு மாத்தலாம். எல்லைக்குப் பக்கத்துல நின்னுபோய் நீரோட்டம் அந்தப் பக்கம் தள்ளுற நேரத்துல ஃபில்டர் மாத்த ஸ்பேனர் தேடக்கூடாது.

மண்டபம்_மரம்46
விசிறியை இப்பவே 20-க்கு இறக்கச் சொல்லிடவா? ஒரு விஷயம், கையடக்க டாக்கோ (ஆர்பிஎம் அளக்குற மீட்டர்) வச்சுப் பாத்தேன். டேஷ் மீட்டர் 60 கூடக் காட்டுது. உண்மையில 1,720தான் வருது.

கீழக்கரை_லேத்
டாக்கோ பாத்தது நல்ல வேலை, முதல்லயே நான் கேட்டிருக்கணும்.

20-க்கு இப்ப இறக்காதீங்க. 1,720 வந்தது தேஞ்ச இன்ஜின்ல, நாளான அடிப்பாகத்துல. கம்ப்ரஷன் திரும்பினாலே கொஞ்சம் ஏறும், சிப்பியைச் சுரண்டிப் பெயின்ட் அடிச்சா இன்னும் கொஞ்சம். இப்ப 24-ஐ 22 ஆக்குங்க, மூணு இலையும் ஒரே அளவான்னு மேடையில வச்சுச் சரி பாத்து வாங்குங்க, ஒரு இலை அரை அங்குலம் மாறினாலும் சாஃப்ட் பேரிங் ஆடும். இறக்கினதும் முதல் 20 மணி நேரம் முக்கால் சுமைக்கு மேல போக வேண்டாம், ஆயிலை மாத்துங்க. அப்புறம் காத்து இல்லாத காலையில, மடியில்லாம, ஆள் ஏத்தி, டேங்க் நிரப்பி, கையடக்க டாக்கோவோட ஒரு ஓட்டு. 1,950-க்குக் கீழ வந்தா விசிறியைத் திரும்பக் கொண்டு வாங்க, இன்னொரு அங்குலம் எடுத்துத் தர்றேன்.